நைனாவின் லைன் நோட்டில் இருந்த வேலூர்

போன மாதம் ஆபீஸ் கேன்டீனில் ஒரு வெட்டிப் பேச்சு. அவரவர் ஊர் பெரிய ஆள் யார் என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். திருநெல்வேலிக்காரர் ஆரம்பித்தார், நிறுத்துகிற வழியாகத் தெரியவில்லை. கும்பகோணத்துப் பெண் ராமானுஜன் என்றதும், அவர் பிறந்தது எங்க ஊருங்க என்று ஈரோட்டுக்காரர் எழுந்துவிட, அதிலேயே ஐந்து நிமிஷம் போனது. என் முறை வந்து "வேலூர்" என்றதுதான் தாமதம், மூன்று பேர் ஒரே குரலில் "சி.எம்.சி." என்றார்கள். அது ஆஸ்பத்திரிங்க, ஆள்தானே கேட்டீங்க என்றேன். "அப்போ ஜெயில்" என்றார் ஒருத்தர். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். ராத்திரி படுத்த பிறகு யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் பெரிய தப்பு இல்லை என்று பட்டது.

மறுநாள் காலையில் நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, போன் போட்டேன். நைனா 35 வருஷம் வேலூரில் பேப்பர் ஏஜென்ட். ஊரில் யார் யார் என்று அவரை விட்டால் யாருக்குத் தெரியும்?

"நம்மூர்ல பெரிய ஆளுன்னா யாரு நைனா?"

"எந்த லைன்ல?" என்றார்.

இதுதான் பிரச்சினை. அவருக்கு ஊர் என்பது லைன். சைதாப்பேட்டை லைன், கொசப்பேட்டை லைன், தோட்டப்பாளையம் லைன், வேலப்பாடி லைன். (ஆபீசர்ஸ் லைன் என்று ஒரு தெருவே உண்டு, அது வேறு.) ஒவ்வொரு லைனுக்கும் ஒரு பையன், ஒரு சைக்கிள், ஒரு நீள நோட்டு. அந்த நோட்டைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். முதலில் கேன்டீனில் நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊரைப் பற்றி எங்கள் ஆட்களே சொல்லிக்கொள்கிற பழைய கிண்டல் ஒன்று உண்டு. ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. இன்னொன்றும் சேர்த்துச் சொல்வார்கள், அது பெண்களைப் பற்றியது, அதை நான் எழுதப் போவதில்லை. சாமி விஷயம் 1981இல் தீர்ந்தது. கோட்டைக்குள் பல காலம் வெறும் கட்டடமாகக் கிடந்த ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு, சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். பாலாற்றில் எப்போதாவது தண்ணீர் வரும், வந்தால் அன்றைக்கு ஊரே பாலத்தின்மேல் நிற்கும். ராஜா இல்லை என்பது மட்டும் சுத்தப் பொய். ராஜா இருந்தார், கைதியாக இருந்தார்.

கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். பட்டத்துக்கு வருவதற்கு முன் அவர் பெயர் கண்ணுசாமி, நம் பக்கத்து வீட்டுப் பையன் மாதிரி. 1815இல் வெள்ளைக்காரர்கள் அவரைப் பிடித்து, அடுத்த வருஷம் குடும்பத்தோடு கப்பல் ஏற்றி, வேலூர்க் கோட்டையில் கொண்டுவந்து வைத்தார்கள். 1832 ஜனவரி 30 அன்று இங்கேயே இறந்துபோனார். 16 வருஷம் அந்த அகழியையே பார்த்துக்கொண்டு ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார் என்று நினைத்தால் எனக்கு என்னவோ செய்யும். பாலாற்றங்கரையில் அவர் சமாதி இருக்கிறது, அதன்மேல் 1990இல் அரசாங்கம் முத்துமண்டபம் கட்டியது. பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தடவை கூட்டிப் போனார்கள். புளிசாதம் சாப்பிட்டோம். யார் சமாதி என்று டீச்சர் சொன்னாரா, நான்தான் கேட்கவில்லையா தெரியாது, எனக்குப் புளிசாதம்தான் ஞாபகம் இருக்கிறது.

அவருக்கு முன்னால் அதே கோட்டையில் திப்பு சுல்தானின் பிள்ளைகளும் குடும்பமும். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு இங்கே கொண்டுவந்தார்கள். 1806 ஜூலை 10 சிப்பாய்க் கலகம் எல்லாருக்கும் பாடத்தில் வந்ததுதான்: புதுத் தலைப்பாகை, நெற்றியில் குறி வைக்கக் கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை எடு என்று ஏகப்பட்ட உத்தரவு, அதில் கிளம்பிய கோபம். எனக்கு அதில் பிடித்த இடம் வேறு. விடியற்காலையில் கோட்டைக்குள் சண்டை நடக்கிறது, சேதி ஆற்காட்டுக்குப் போய், அங்கிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு காலையிலேயே வந்து சேர்ந்துவிடுகிறான். பேப்பர் கிடையாது, தந்தி கிடையாது. வேலூரிலிருந்து சேதி அவ்வளவு வேகமாகக் கிளம்பி, அவ்வளவு கெட்ட பலனைக் கொடுத்தது அதற்குப் பிறகு இல்லை என்பார் நைனா. பிற்பகலுக்குள் கோட்டை மறுபடி வெள்ளைக்காரன் கையில், நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் பிணமாக. மக்கான் பக்கம் நினைவுத்தூண் இருக்கிறது. அதைச் சுற்றிப் பஸ் திரும்பும்.

அப்புறம் நிஜ ஜெயில், தொரப்பாடியில் இருப்பது. 1921 டிசம்பரில் ராஜாஜி அதற்குள் போனார், உள்ளே இருந்தபடி டைரி எழுதினார். காமராஜர் கதை இன்னும் சுவாரசியம். 1940 கடைசியில் கைதாகி வேலூர் ஜெயிலில் இருக்கும்போதே, 1941இல் விருதுநகர் நகராட்சித் தலைவராக அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். வெளியே வந்ததும் முதல் வேலையாக அந்தப் பதவியை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். அதே மனிதர் 1954இல் முதலமைச்சர் ஆனபோது சட்டமன்றத்துக்குள் போக ஒரு தொகுதி தேவைப்பட்டது. இடைத்தேர்தலில் நின்றது எங்கள் குடியாத்தத்தில். குடியாத்தம்காரர்கள் இன்றைக்கும் லுங்கியையும் தீப்பெட்டியையும் பற்றிப் பேசுவதைவிடக் கூடுதலாக இதைத்தான் பேசுவார்கள், சரிதானே, ஒரு முதலமைச்சரை உள்ளே அனுப்பிய ஊர்.

ஜெயிலுக்கு அடுத்து ஆஸ்பத்திரி. ஐடா ஸ்கடர் ராணிப்பேட்டையில் 1870இல் பிறந்தவர், அந்த வகையில் எங்கள் பழைய மாவட்டத்துப் பெண்தான். அமெரிக்காவில் படித்துவிட்டு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்த இடத்தில், ஒரே ராத்திரியில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து, பிரசவத்தில் மனைவி கஷ்டப்படுகிறாள், நீ வா என்று கூப்பிட்டார்கள். நான் டாக்டர் இல்லை, அப்பா டாக்டர், அவரைக் கூட்டிப் போங்கள் என்றார் ஐடா. ஆம்பளை டாக்டர் வேண்டாம் என்று போய்விட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதற்கப்புறம்தான் அந்தப் பெண் டாக்டருக்குப் படித்து, 1900இல் வேலூருக்கு வந்து, ஒரே ஒரு படுக்கை போட்டு ஆரம்பித்தார். 1902இல் 40 படுக்கையோடு ஷெல் ஆஸ்பத்திரி. ஊரில் இன்றைக்கும் ஷெல் என்றால் கண் ஆஸ்பத்திரி, கண்ணில் தூசி விழுந்தால்கூட "ஷெல்லுக்குப் போ" என்பார்கள். 'டாக்டர் ஐடா, இந்தியா' என்று மட்டும் எழுதிய கடிதம் வேலூருக்குச் சரியாக வந்து சேர்ந்தது என்று சொல்வார்கள். அவர் 1960இல் கொடைக்கானலில் இறந்தார். மற்றதெல்லாம், இந்தியாவில் வெற்றி கண்ட முதல் திறந்த இதய ஆபரேஷன் 1961, வெற்றி கண்ட முதல் சிறுநீரக மாற்று 1971, எல்லாம் ஊரில் ஆட்டோக்காரரே சொல்வார்.

பெரியார் இறந்ததும் இதே ஆஸ்பத்திரியில்தான், 1973 டிசம்பர் 24. நைனாவுக்கு அப்போது 20 வயசு, பஸ் ஸ்டாண்டில் கூவிப் பேப்பர் விற்றுக்கொண்டிருந்தார். அந்த ரெண்டு நாள் மாதிரி ஒரு விற்பனையைப் பார்த்ததில்லை என்பார். "சாமி கும்பிட்றவன்தான் ஜாஸ்தி வாங்கினான்" என்று ஒவ்வொரு தடவையும் சேர்த்துக்கொள்வார்.

இப்படிப் பார்த்தால் எங்கள் ஊரின் பெரிய பெயர்கள் எல்லாம் பிடித்துக்கொண்டு வரப்பட்டவர்கள், இல்லையென்றால் படுக்கவைக்கக் கொண்டுவரப்பட்டவர்கள். இங்கே பிறந்தவர்கள் கிளம்பிவிட்டார்கள். வாணி ஜெயராம் 1945இல் வேலூரில் கலைவாணியாகப் பிறந்தவர். பேங்க் வேலை, கல்யாணம், பம்பாய் என்று போய், 1971இல் இந்திப் படத்தில் பாடி, அப்புறம் தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் என்று பாடித் தீர்த்து, மூன்று தேசிய விருது வாங்கினார். 2023 ஜனவரியில் பத்மபூஷண் அறிவித்தார்கள், அதைக் கையில் வாங்குவதற்குள் பிப்ரவரி 4 அன்று போய்விட்டார். அன்றைக்கு டிவியில் 'வேலூரில் பிறந்த' என்று ஓடியபோது அம்மா வாயில் கை வைத்துக்கொண்டார். நாற்பது வருஷமாக அவர் பாட்டைக் கேட்டுக்கொண்டே சமைத்தவருக்கு, அவர் நம்ம ஊர் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கும்தான், ஒத்துக்கொள்கிறேன்.

மு.வ. குடும்பம் வாலாஜா பக்கம் வேலம். திருப்பத்தூர் தாலுகா ஆபீசில் எழுத்தராக இருந்து, வாத்தியாராகி, சென்னை போய், கடைசியில் மதுரையில் துணைவேந்தர். ராதாகிருஷ்ணன் எங்கள் ஊர் ஊரிஸ் காலேஜில் கொஞ்ச காலம் படித்தவர். அந்தக் காலேஜில் படித்த என் பெரியப்பா அதை ஏதோ தானே அவருக்குப் பாடம் எடுத்த மாதிரி சொல்வார்.

கிருபானந்த வாரியார் மட்டும் இந்தக் கணக்கில் அடங்க மாட்டார். 1906இல் காட்பாடி பக்கத்துக் காங்கேயநல்லூரில் பிறந்தார், உலகம் முழுக்கச் சுற்றினார், 1993இல் லண்டனிலிருந்து திரும்பும்போது விமானத்திலேயே உயிர் போனது, கடைசியில் காங்கேயநல்லூருக்கே வந்து அடங்கினார். அவர் பேச்சாளர் மட்டுமில்லை, பத்திரிகைக்காரரும்கூட. 'திருப்புகழ் அமிர்தம்' என்று 1936இல் ஒரு மாத இதழ் ஆரம்பித்து, முப்பது வருஷத்துக்கு மேல் விடாமல் நடத்தினார். முப்பது வருஷம்! ஒரு பேப்பர் ஏஜென்ட் மகளாகச் சொல்கிறேன், விளம்பரம் இல்லாமல் ஒரு மாத இதழை மூன்று வருஷம் ஓட்டுவதே முருகன் அருள் இருந்தால்தான் நடக்கும். அதே காங்கேயநல்லூர்தான் துரைமுருகனுக்கும். ஆத்திகமோ நாத்திகமோ, அந்த ஊர்த் தண்ணீரில் மேடையில் ஆளைச் சிரிக்கவைக்கிற ஏதோ கலந்திருக்கிறது.

சரி, நைனாவிடம் வருகிறேன்.

ராத்திரி மூன்றரைக்குப் பண்டல் வரும். வேன் நிற்காது, மெதுவாகும், ஒருத்தன் பின்னாலிருந்து உதைத்துத் தள்ளுவான், அது நடைபாதையில் வந்து விழும் சத்தத்தை வைத்தே நைனா எந்தப் பேப்பர் என்று சொல்வார். மூடிய கடை வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்து கட்டைப் பிரித்து, இணைப்பைச் சொருக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றால் புத்தகம் வேறு. தண்ணீர்க் கிண்ணத்தில் கட்டைவிரலைத் தொட்டுத் தொட்டு எண்ணுவார்கள், ஐந்து ஐந்தாக, வாய் அசையாமல். விடிவதற்குள் பத்து விரல் நுனியும் கறுத்துவிடும். பெண்பிள்ளை என்று என்னை லைனுக்கு அனுப்ப மாட்டார், ஆனால் பரீட்சை லீவில் இணைப்பு சொருகக் கூட்டிப் போவார். அதனால் பிளஸ் டூ ரிசல்ட் நாளில் ஊரிலேயே முதலில் பேப்பரைப் பார்க்கிற ஆள் நான்தான் என்று கொஞ்ச நாள் கர்வமாகத் திரிந்தேன்.

பெட்டிக்கடைக்காரர்களுக்குப் பேப்பரோடு போஸ்டர் போகும். அதுதான் அந்தக் காலத்து நோட்டிபிகேஷன். பெரிய எழுத்தில் நாலு வார்த்தை, அதிலும் கடைசி வார்த்தைக்குப் பிறகு ஒரு கேள்விக்குறி. 'வேலூர் அருகே பயங்கரம்' என்று போட்டால் கூடுதலாக ஐம்பது பேப்பர் போகும், எந்த ஊர் அருகே என்று உள்ளே பார்த்தால் நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும். மே மாதம் வந்தால் வேலையே இல்லை, வெயில் போதும். தமிழ்நாட்டிலேயே அதிக வெயில் வேலூரில் என்று அடிக்கடி வந்துவிடும், 'வெயிலூர்' என்று எந்தப் புண்ணியவான் முதலில் எழுதினானோ, வருஷா வருஷம் அதே சொல், அதே குடை பிடித்த காலேஜ் பெண்கள் போட்டோ. மாநிலம் முழுக்க எங்கள் பெயர் வருகிற ஒரே மாதம் அதுதான், அதிலும் நாங்கள் எதுவும் செய்யவில்லை, சும்மா வியர்த்தோம்.

மாவட்டச் செய்திப் பக்கம்தான் உண்மையில் ஊர். தாலுகா ஆபீஸ் முற்றுகை, குடிநீர் கேட்டுக் காலிக்குடத்தோடு மறியல், பள்ளி ஆண்டு விழா, மனுநீதி நாள். தை பிறந்தால் மாடு விடும் விழா. தெற்கே ஜல்லிக்கட்டு என்றால் மாட்டைப் பிடிக்கிற ஆளுக்குப் பேர், எங்கள் பக்கம் மாட்டுக்குத்தான் பேர். வாடியிலிருந்து விட்டால் குறிப்பிட்ட தூரத்தை எத்தனை நொடியில் கடக்கிறது என்பதுதான் கணக்கு. அந்த மாடுகளுக்கு ரசிகர்கள் உண்டு, பட்டப்பெயர் உண்டு, பிளெக்ஸ் பேனர் உண்டு. மாடு நடுவில் பெரிதாக, சுற்றி வட்டம் வட்டமாகப் பையன்கள் முகம். ஒரு வருஷம் மூன்று மாவட்டத்திலும் பரிசு அடித்த ஒரு காளை செத்துப்போய், அதற்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தார்கள், தோற்றம் மறைவு எல்லாம் போட்டு. நின்று முழுசாகப் படித்தேன். ஐடா ஸ்கடருக்கு அடுத்தபடி வேலூரில் நான் பார்த்த உண்மையான புகழ் அதுதான் என்று தோன்றுகிறது.

பளு தூக்குகிறவர்களையும் சொல்ல வேண்டும். சத்துவாச்சாரியில் அது ஒரு குலத்தொழில் மாதிரி. சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் 77 கிலோ பிரிவில் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார், 2018இல் கோல்டு கோஸ்ட்டில் மறுபடியும் தங்கம். அவர் அப்பாவும் பளு தூக்கியவர்தான். கிளாஸ்கோ மறுநாள் நைனா கேட்ட கூடுதல் பிரதி வரவில்லை, ஏழு மணிக்கெல்லாம் தீர்ந்துபோய், சத்துவாச்சாரி லைன் பையன் சொந்தமாக எடுத்துவைத்திருந்த பேப்பரையும் யாரோ காசு கொடுத்து வாங்கிப் போய்விட்டார்கள்.

இந்த மாவட்டப் பக்கத்தில் நானும் ஒரு தடவை வந்திருக்கிறேன். ஒன்பதாவது படிக்கும்போது கட்டுரைப் போட்டியில் மாவட்ட அளவில் இரண்டாம் பரிசு. மேடையில் போட்டோ எடுத்தார்கள். மறுநாள் ராத்திரி மூன்றரைக்கே நானும் நைனாவோடு போய் உட்கார்ந்துவிட்டேன், பண்டலைப் பிரித்துப் பார்த்தால் போட்டோ இருக்கிறது, நாலு காலம், பெரிசாக. பரிசு கொடுத்த பிரமுகர் இருக்கிறார், அவர் பக்கத்தில் இன்னொரு பிரமுகர், தலைமையாசிரியை, நன்கொடை கொடுத்த கடைக்காரர், அவர் மகன். நான் இல்லை. அகலம் போதாமல் ஓரத்தை வெட்டியிருக்கிறார்கள். கேடயத்தைப் பிடித்தபடி ஒரு முழங்கை மட்டும் இடப்பக்கத்திலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது, பச்சைத் தாவணி கறுப்பாக அச்சாகி. கீழே பெயர் இருந்தது, அதிலும் இனிஷியல் தப்பு. எந்தப் பேப்பர் என்று சொல்ல மாட்டேன், நைனாவுக்கு இன்றைக்கும் அவர்களோடு டெபாசிட் கணக்கு ஒன்று முடியாமல் இருக்கிறது.

நான் அழுதேன். நைனா அந்தப் பக்கத்தைப் பத்துப் பிரதியிலிருந்து எடுத்துவைத்துக்கொண்டார். வருகிறவர்களிடமெல்லாம் விரித்துக் காட்டி, கறுத்த விரலால் அந்த முழங்கையைத் தொட்டு "இது பாப்பா" என்பார்.

கேபிள் டிவி வந்த பிறகு இந்தக் குறை கொஞ்சம் தீர்ந்தது. ஒரு பாத்திரக் கடைக்கு மாடியில், ரெண்டு வி.சி.ஆர், ஒரு மேஜை, இதுதான் லோக்கல் சேனல். ராத்திரிப் படத்துக்கு நடுவே பிறந்தநாள் வாழ்த்து ஓடும், அப்பா அம்மா தாத்தா பாட்டி சித்தப்பா மாமா என்று எல்லாப் பெயரும் வரும், குழந்தை போட்டோ கடைசியில் ஒரு நிமிஷம். கீழே 'வீடு வாடகைக்கு, சைவம் மட்டும்' ஓடிக்கொண்டே இருக்கும். வைகாசி ஒண்ணாம் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு திருவிழாவை நேரடியாகப் போடுவார்கள். சாமி சிரசு கூட்டத்துக்குள் மிதந்து வரும், வீட்டில் யாரும் சாமியைப் பார்க்க மாட்டார்கள். "தோ, அந்த மஞ்ச புடவ, உங்க அத்தை, தோ போய்ட்டா" என்று ஓரத்தில் போகிற ஆட்களைத்தான் தேடுவார்கள். எஃப்.எம். எங்கள் ஊருக்கு மதுரை, கோவைக்கெல்லாம் வந்து பல வருஷம் கழித்துதான் வந்தது. வந்த புதிதில் யாராவது போன் போட்டு "காட்பாடிலேர்ந்து பேசறேன்" என்றாலே ஆட்டோவில் சத்தத்தைக் கூட்டி வைப்பார்கள்.

2020 மார்ச்சில் பேப்பரில் கிருமி ஒட்டிக்கொண்டு வரும் என்று ஒரு பேச்சு கிளம்பியது. ஒரே வாரத்தில் பாதி லைன் போனது. நைனா சானிடைசர் பாட்டிலோடு வாசல் வாசலாகப் போய்ப் பேசிப் பார்த்தார், கேட் திறக்கவில்லை. அந்த வருஷக் கடைசியில் ஏஜென்சியை விட்டுவிட்டார். இப்போது ஊர்ச் செய்தி எல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில்தான். நைனா நாலு குரூப்பில் இருக்கிறார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை மூக்குக்குக் கிட்டே வைத்து, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒவ்வொன்றையும் ரெண்டு விரலால் பெரிதாக்கிப் பார்ப்பார். மற்றச் செய்தியை நம்ப மாட்டார், பழைய வீடியோவாக இருக்கும் என்பார். சாவுச் செய்தியை மட்டும் நம்புவார்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது கேன்டீன் கேள்வியை மறுபடி எடுத்தேன். எழுந்துபோய்ப் பரணிலிருந்து லைன் நோட்டுகளை எடுத்து வந்து போட்டார். நீளமான கணக்கு நோட்டு, காலிகோ அட்டை, ஓரமெல்லாம் எண்ணெய். நான் சின்ன வயசில் பார்த்ததுதான், ஆனால் படித்துப் பார்த்ததில்லை. பாதிப் பேருக்குப் பெயரே இல்லை. 'நாய் வீடு - தினமணி.' 'மாடி டாக்டர் - இந்து 1, தந்தி 1, ஞாயிறு மட்டும் தினமலர்.' 'மிலிட்டரி - தினகரன், சுவத்துக்கு மேல போடக் கூடாது.' மிலிட்டரி என்று மட்டும் ஒரே லைனில் ஏழு பேர், எங்கள் பக்கம் அப்படித்தான், கம்மவான்பேட்டை என்று ராணுவத்துக்கே பேர்போன ஊரை வைத்துக்கொண்டிருக்கிறோம். 'பாக்கவி வீடு' என்று இரண்டு. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் மதரஸாவில் ஓதி முடித்தவர்கள் பெயருக்குப் பின்னால் பாக்கவி என்று சேர்த்துக்கொள்வார்கள், எந்த ஊரில் பாக்கவி என்று பெயரைப் பார்த்தாலும் அவர் எங்கள் ஊர்த் தண்ணீர் குடித்தவர் என்று அர்த்தம். கேன்டீனில் இதைச் சொல்லியிருக்கலாம்.

'சண்ட வீடு - தந்தி 2.' ஏன் ரெண்டு என்று கேட்டேன். அண்ணன் தம்பிக்குப் பேச்சுவார்த்தை இல்லை, ஒரே வாசல், ஒருத்தர் படித்த பேப்பரை இன்னொருத்தர் தொட மாட்டார், அதனால் ஒரே பேப்பர் ரெண்டு, ஒன்றை வலது திண்ணையிலும் ஒன்றை இடது திண்ணையிலும் போட வேண்டும். மாற்றிப் போட்டால் லைன் பையனுக்குத் திட்டு. இருபத்திரண்டு வருஷம் அப்படி வாங்கினார்களாம்.

நோட்டைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது போன் டிங் என்றது. நைனா எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தார். சட்டையில் பேனா சொருகிய ஒரு பெரியவர், சுற்றிலும் பூ, கீழே இரண்டு வரிசை பேரப்பிள்ளைகள்.

"இவுரு கொசப்பேட்ட லைன்" என்றார். என் கையிலிருந்து நோட்டை வாங்கி, விரலைத் தொட்டு ரெண்டு பக்கம் தள்ளி, ஒரு வரியைக் காட்டினார். 'கணக்கு வாத்தியார் - தந்தி, மாலை முரசு.' எதிரே 2020 மார்ச், ஏப்ரல் கட்டம் ரெண்டும் காலி.

"ரெண்டு மாசம் பாக்கி" என்றார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு எழுந்தார். "சாய்ந்திரம் எடுக்கறாங்களாம். அந்த வெள்ள சட்டைய எடு பாப்பா, போய்ட்டு வந்துட்றேன். கேக்கவா முடியும் இனிமே."